கை காட்டியவர்

'முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்குமாம். அல்சூரில் குப்பை லாரிக்குப் பின்னால் ஊர்கிறது' என்று கணவனின் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாள் லீனா.

எதிரே வந்த மஞ்சள் ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து ஒருவர் கையை உயர்த்தினார். ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் ஃபிராங்க்ளினும் பூரித்துப்போய்க் கை காட்டினான்.

"பார்த்தியா? ஸ்போர்ட்ஸ் கார்காரங்க எல்லாம் ஒரே குடும்பம். ஒருத்தரை ஒருத்தர் விட்டுக்கொடுக்க மாட்டோம்."

"நம்ம மாடி வீட்டுக்காரர் பேர் தெரியுமா உங்களுக்கு?"

"ஆரம்பிச்சுட்டியா? ரேடியோவை மூடின கோபத்தை என் மேல காட்டாதே."

அவள் நடத்திய இணைய வானொலி நேற்றோடு நின்றுபோயிருந்தது. ஒரு பாட்டுக் கம்பெனி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிக் கேட்ட உரிமைத் தொகை அவள் சக்திக்கு மீறியது. தன் பேட்டையான ஆஸ்டின் டவுனில் நாலு பேர் கேட்கிற வானொலியைப் பற்றி யார் போய் அவர்களிடம் சொன்னார்கள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை எங்க கிளப் ஃபங்ஷன். நீதான் மைக் பிடிச்சுக் காம்பியர் பண்ணணுமாம். இப்பக் கை காட்டினாரே, ஹரிஷ்குமார், அவர்தான் கேட்டாரு. போன மாசம் அவர் கார்ல உன் ரேடியோவைப் போட்டுக் காட்டினேன். 'அட, எல்லாம் எங்க கம்பெனிப் பாட்டாச்சே'ன்னு அசந்துட்டாரு."

லீனா குப்பை லாரியிலிருந்து கண்ணை எடுத்து அவன் பக்கம் திரும்பினாள்.

"முடியாதுங்க. என் குரலுக்கு லைசென்ஸ் இல்லை" என்றாள் மெதுவாக.