வாய்ப்பூட்டு

"இன்னைக்கு வலி எவ்வளவு, மாங் டெல்பின்?"

"பத்துக்கு எட்டு, டாக்," என்றார் அவர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு.

டாக்டர் லிகாயாவுக்கு அலுப்பாக வந்தது. வேர் சிகிச்சையின்போது வாயை மூடி, அந்தப் பல் மட்டும் தெரியும்படி ரப்பர் விரிப்பு மாட்டினால் எச்சில் பல்லுக்குள் போகாது, சின்னக் கருவிகள் தொண்டைக்குள் விழாது. பிற்பாடு வலியும் குறைகிறதா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. மற்ற எல்லோருக்கும் வலி போய்விட்டது. இந்த மனிதர் மட்டும் வாராவாரம் வந்து கழுத்தறுக்கிறார்.

"எக்ஸ்ரேல ஒரு குறையும் இல்ல. நரம்பையே எடுத்தாச்சு. அப்புறம் எதுதான் வலிக்குது?"

"அதான் எனக்கும் புரியல. அந்த ரப்பரை மாட்டி நிதானமாப் பாருங்களேன்."

மாட்டினாள். கருவியை எடுத்துத் திரும்புவதற்குள் குறட்டை கேட்டது.

வெளியே ஒரே கூச்சல். கதவைத் திறந்தாள். கக்கத்தில் சேவலோடு ஒருவன், அவனை முறைத்தபடி ஒருத்தி, பின்னால் பாதித் தெரு.

"எங்க பாரங்காய் ஊராட்சித் தலைவர் மாங் டெல்பின் உள்ள இருக்காரா, டாக்? இந்தச் சேவல் யாருதுன்னு அவர்தான் சொல்லணும். விடிஞ்சா அடைஞ்சா அவர் வாயைத்தான் நம்பியிருக்கோம்."

லிகாயா உள்ளே வந்து அவரை எழுப்பி, விரிப்பைக் கழற்றினாள்.

"சேவல் பஞ்சாயத்து வந்திருக்கு. தெருவே உங்க வாய்க்காகக் காத்திருக்கு. இப்பவாவது நெசத்தைச் சொல்லுங்க. வலி எவ்வளவு?"

அவர் கதவைப் பார்த்தார். கூச்சலைக் கேட்டார்.

"பத்துக்குப் பத்து, டாக்."