சப்போர்ட் மிஸ்

பெரிய மிஸ் மறுபடியும் தலையை ஆட்டினார். முடியவே முடியாது என்பதற்கு ஆட்டுகிற ஆட்டல் அது. வராந்தா பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்த அம்மா, சாத்தியிருந்த கண்ணாடிக் கதவு வழியே அதைப் பார்த்தாள்.

தலைமையாசிரியை அறைக்குள் பெரிய மிஸ்ஸுக்கு எதிரே, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர் சப்போர்ட் மிஸ். காது கேளாத, கண் தெரியாத, நடக்க முடியாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்னென்ன தேவையோ, அதையெல்லாம் வாதாடி வாங்கித் தருவது அவருடைய வேலை. பதவிக்கு முழ நீளத்தில் ஒரு பெயர் உண்டு. பெற்றோர் வாயில் அது நுழையாததால் சப்போர்ட் மிஸ் ஆகிவிட்டார்.

இன்றைய வாதாட்டம் அம்மாவின் பெண்ணுக்காக. பிறவியிலேயே காது கேட்காத பெண், பத்தாம் வகுப்பை முடித்துவிட்டாள். பதினொன்றில் இங்கேயே அறிவியல் படிக்க விடுவார்களா, இல்லை வேறு ஊரில் இருக்கிற காது கேளாதோர் விடுதிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவார்களா என்பது உள்ளே முடிவாகிக்கொண்டிருந்தது. விடுதி என்றால் அம்மா ஓர் ஊர், பெண் ஓர் ஊர். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்தான்.

"கவலையே படாதீங்க, நான் பேசறேன்," என்று தோளைத் தட்டிவிட்டுத்தான் சப்போர்ட் மிஸ் உள்ளே போயிருந்தார். "உங்க பொண்ணை இழுத்துக்கிட்டு ஓடி ஓடியே எனக்குப் பாதி முடி நரைச்சுப்போச்சு. இன்னைக்கு ஒரு முடிவு கட்டிடறேன்," என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அந்த மனுஷிக்குக் கோயில்தான் கட்ட வேண்டும். 'முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், வாயை மறைக்காதீர்கள்' என்று வகுப்பு வகுப்பாக எழுதி ஒட்டியவர் அவர். கதவைத் தட்டிவிட்டு, 'உள்ளே வா' என்றது கேட்காமல் இந்தப் பெண் வெளியிலேயே நின்றதைப் பார்த்து, பெரிய மிஸ் அறையின் மரக்கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவு போட வைத்தவரும் அவர்தான். பெற்றவளுக்கே தோன்றாத யோசனைகள் எல்லாம் அவருக்குத் தோன்றும்.

தண்ணீர்க் கூஜாவோடு வந்த பியூன் ஒரு நிமிஷம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்னம்மா, உள்ள பலத்த சண்டையா?"

"ஒண்ணும் கேக்கமாட்டேங்குதே அண்ணே."

"ஏசி ரூம். கதவைச் சாத்திட்டா இடி விழுந்தாலும் வெளிய தெரியாது. ஆனா சப்போர்ட் மிஸ் கையை வீசறதைப் பார்த்தா ரெண்டுல ஒண்ணு பார்க்காம விடமாட்டாங்க போல."

உண்மைதான். சப்போர்ட் மிஸ்ஸின் கைகள் மேலும் கீழும் பறந்தன. பெரிய மிஸ் ஏதோ சொன்னார், தலையை ஆட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னார்.

கல்நெஞ்சுக்காரி! தினமும் காலையில் கேட்டருகே நின்று பெண்ணின் கன்னத்தைத் தட்டி உள்ளே அனுப்புகிறவர் இவர்தானா? ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, 'எங்க பள்ளியோட பெருமை இவ' என்று சொன்ன வாய் இதுதானா?

"சிரிச்சுச் சிரிச்சே குழி பறிச்சுட்டாளேடி," என்று அம்மா முனகினாள்.

பெண் கதவுக்கு நேர் எதிரே நின்று, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். கண்ணாடியைக் கண்டால் போதும், அந்த வயசு அப்படி. வீடு பற்றி எரியும்போது இவளுக்குச் சிங்காரம் கேட்கிறது. அம்மா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். பெண் கண்ணை எடுக்காமல் கையை மட்டும் உதறினாள்.

கடைசியில் பெரிய மிஸ் நாற்காலியில் சாய்ந்து, இரண்டு கையையும் விரித்தார். அவ்வளவுதான். அம்மா பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டாள்.

சப்போர்ட் மிஸ் வெளியே வந்து கதவைச் சாத்தினார். கண் கலங்கியிருந்தது.

"என்னால ஆனமட்டும் பேசிட்டேன்மா. அவங்க பிடிச்ச பிடியிலயே நிக்கறாங்க. நான் ஒருத்தி என்ன பண்ண முடியும், சொல்லுங்க?"

"எங்களுக்காக நீங்க இவ்வளவு தூரம் மல்லுக்கு நின்னதே பெரிசு மிஸ்." அம்மா அவர் கைகளைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "ஆனா அந்தம்மா நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாங்க. நான் உள்ள போய் நேராவே கேட்டுடறேன்."

"ஐயோ, வேண்டாம்!" சப்போர்ட் மிஸ் அவசரமாகக் குறுக்கே வந்தார். "அவங்களைப் பகைச்சுக்காதீங்க. நாளைக்கு மார்க் ஷீட்டு, சர்டிபிகேட்டுன்னு அவங்ககிட்டதான் போய் நிக்கணும். எதுவா இருந்தாலும் இனிமே என்கிட்டயே சொல்லுங்க."

அம்மா தலையசைத்தாள். இந்தக் காலத்தில் யார் இப்படிச் சொல்வார்கள்?

சப்போர்ட் மிஸ் பெண்ணின் பக்கம் திரும்பினார். தான் எழுதி ஒட்டியபடியே முகத்துக்கு நேராக நின்று, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்.

"பெரிய மிஸ்... ஒத்துக்கலை... தங்கம்."

பெண் அவர் உதட்டைப் பார்த்தாள். பிறகு விரலை நீட்டிக் கண்ணாடிக் கதவைக் காட்டினாள். ஏற்ற இறக்கமில்லாத அவள் குரல் வராந்தா முழுக்கக் கேட்டது.

"'அவ இங்கேயே இருக்கட்டும்'னு பெரிய மிஸ்தானே உங்ககிட்ட கெஞ்சினாங்க, மிஸ்?"