வாசலில் போட்ட பெஞ்சு

17 ஜூன் 1962. தோட்டத்தில் நான் நடத்தும் மாலை வகுப்பின் பெஞ்சை வாசலில் போட்டது என் தவறு. உள்ளேதான் போட்டிருக்க வேண்டும்.

மனோகரன் சிங்கப்பூரில் ஐந்து வருடமாகப் பொருளாதாரத்தில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறார். இப்போது லீவில் ஊருக்கு வந்திருக்கிறார். அடுத்த வாரம் அங்கே கடைசி வாய்மொழித் தேர்வு. ஐந்து பேராசிரியர்கள் கேள்வி கேட்பார்களாம். பயத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதனால் ஓர் ஒத்திகை வைத்தேன்.

வகுப்பில் படிக்கும் பெரியவர்கள் ஐந்து பேர் நல்ல உடுப்பில் பேராசிரியர்களாக வரிசையாக உட்கார்ந்தார்கள். குருண் டவுனில் டீக்கடை வைத்திருக்கும் அய்யூப் அண்ணன்தான் தலைமை.

"ரப்பர் விலை விழுந்தா என் கடையில டீ ஏன் ஓட மாட்டேங்குது, தம்பி?"

மனோகரன் அழகாக விளக்கினார்.

"படிப்பு முடிஞ்சா வேலை கெடைக்குமா?" என்றார் புஷ்பவள்ளி அக்கா.

"தேர்வுல அதைக் கேக்க மாட்டாங்கக்கா!"

"பரவால்ல லா, சொல்லுங்க."

காலேஜில் வாத்தியார் வேலை காத்திருக்கிறது என்றார். அய்யூப் அண்ணன் எழுந்து கைகொடுத்தார்.

"எங்க அஞ்சு பேருக்கும் முழுச் சம்மதம்!"

அந்த நேரம் பார்த்து என் அப்பா அம்மாசிக் கங்காணியின் சைக்கிள் வாசலில் நின்றது. 'ஊசி போடத் தெரியாத டாக்டருக்கு என் மகளைத் தர மாட்டேன்' என்று மூன்று வருடமாகச் சொல்பவர். நான் கரும்பலகைக்குப் பின்னால் ஒளிந்தேன்.

"அய்யூப்பு, யார் வீட்டுக்கு மாப்பிள்ளை பேசுறே? என் மக காத்துக்கிட்டு இருக்கா. நாளைக்கே பாக்கு வெத்தலை மாத்துறோம்!"

வீட்டுக்கு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

"குணவதி, பட்டுச் சேலை இருக்கா?"

"இருக்குப்பா."

ஒத்திகை என்று சொல்ல வாய் வரவில்லை.

நாளைய வேலை: சேலையை வெயிலில் காயப்போட வேண்டும். பெஞ்சை உள்ளே போட வேண்டாம்.