ஒன்றரை மடங்கு வேகம்

பியானோ பயிற்சிப் பாடங்களின் ஒலிப்பதிவை ஒருவருடைய கைகளில் ஒரு முறைதான் ஏற்ற முடியும்; ஏற்றியதும் கைகள் அந்தப் பதிவின்படியே இயங்கும். பிறகு ஆயுசுக்கும் அதை மாற்ற முடியாது. அதனால் தனசிங் தன் மகள் எப்சிபாவுக்காக நாற்பத்தொரு கலைஞர்களின் பதிவுகளையும் ஒரே மாலையில் கேட்டு முடித்தார். பிரசங்கமானாலும் செய்தியானாலும் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பதுதான் அந்த வீட்டுப் பழக்கம்.

“இந்தம்மா வாசிக்கதுதான் நல்ல துடியா இருக்கு. இதையே ஏத்திருங்க” என்று பதிவேற்றும் நிலையத்தில் தன் கைபேசியை நீட்டினார். வேகத்தைக் குறைக்க மறந்துவிட்டார். அவர்களும் அப்படியே ஏற்றிவிட்டார்கள்.

பியானோ தேர்வில் எப்சிபா முதலிடம் பெற்றாள். அந்த வேகத்தை எல்லோரும் திறமை என்றே நினைத்தார்கள்.

மறுநாள் மதியம் அவள் கைக்குழந்தையான தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தாள். தூங்க வேண்டியவன் முகம் சிவக்க வீறிட்டான். அடுப்படியிலிருந்து ஓடி வந்த அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“ஏட்டி, புள்ளைய என்ன மத்தளமா அடிக்க? பைய தட்டு.”

அம்மா பிடியை விட்டதும் எப்சிபா மறுபடி தட்டினாள். குழந்தை இன்னும் உரக்க அழுதது.

“பையத்தாம்மா தட்டுதேன்” என்றாள் அவள்.