பந்தின் எடை

நான் சொல்லப்போவதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. என் இடுப்பின் மேல் சத்தியம். அன்றைய தேதியில் அதைவிட முக்கியமான உறுப்பு என்னிடம் வேறெதுவும் இல்லை.

கோல்ஃப் ஆடி உடம்பைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கென்றே இருக்கும் பிசியோதெரபி அறை அது. சுவரில் முதுகெலும்புப் படம். ஆணியில் தொங்கும் ரப்பர் பட்டைகள். தரையில் நீளமாக ஒரு பச்சை விரிப்பு, அதன் கோடியில் ஒரு குழி.

பிசியோ அம்மாள் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, கட்டைவிரலால் ஒவ்வொரு எலும்பாக விசாரித்துக்கொண்டு வந்தார்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே என் மகன் உட்கார்ந்திருந்தான். வெளியூரில் வேலை, மாதம் ஒருமுறை வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போவான். எழுபத்து மூன்று வயதில் அப்பா கோல்ஃப் ஆடத் தொடங்கியதில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. ஆபீஸ் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான்.

வரும் வழியில், காரில், சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"உங்க இடுப்பு தேறாதுன்னு எழுதிக் குடுத்தாங்கன்னா, அம்மாவை ஹோம்ல சேத்துருவேன்ப்பா. வேலைக்கு வர்ற பொண்ணு ரெண்டு நோயாளியைப் பாக்க முடியாது."

என் மனைவி நாலு வருஷமாகப் படுக்கையில் இருக்கிறாள். யாரையும் அடையாளம் தெரியாது.

ஆகவே அந்த அறையில் என் இடுப்பு எப்படியாவது பாஸாக வேண்டும்.

வலி எப்படி வந்தது என்று அம்மாள் கேட்டார். நடந்ததை நடந்தபடியே சொன்னேன்.

போன மாதம் ஒரு பந்தை ஓங்கி அடித்தேன். மேலே போனது. காத்திருந்தோம். பை தூக்குபவர் சாப்பாட்டுக்குப் போய், சாப்பிட்டு, கை கழுவிவிட்டு வந்தார். அதற்கப்புறம்தான் பந்து இறங்கியது. நனைந்திருந்தது. வழியில் ஒரு மேகம் இருந்திருக்கிறது.

அதற்கு முந்தைய பந்தின் மேல் ஒரு கொக்கு பதினொரு நாள் அடைகாத்தது. அதன் மனம் நோகக்கூடாதென்று ஆட்டத்தையே நிறுத்தி வைத்தோம்.

அம்மாள் சிரிக்கவில்லை. கட்டைவிரல் மட்டும் ஓரிடத்தில் நின்றது.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பிடித்துக்கொள்ளுமாம். எனக்கு இரண்டு பக்கமும் சமமாகப் போயிருக்கிறதே என்றார்.

நான் இரண்டு கையாலும் ஆடுவேன் என்றேன்.

விரலிடுக்கில் பவுடர் இருக்கிறதே என்றார்.

பிடி வழுக்கக்கூடாதல்லவா என்றேன்.

எழுப்பி நிற்கவைத்து, கையில் ஒரு மட்டையைக் கொடுத்தார். ஒருமுறை ஆடிக் காட்டச் சொன்னார்.

கால்களை அகட்டினேன். முழங்காலை மடக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, மட்டையை அடியிலிருந்து மெல்ல ஏந்தித் தூக்கினேன். அப்படியே இடப்பக்கம் திரும்பி, கீழே இறக்கினேன். அதன் தலை எங்கும் இடித்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

அம்மாள் மட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"இவ்ளோ மெதுவாவா சார்? பந்து உடைஞ்சுருமா?"

"உடையும்மா."

அம்மாள் கதவுப் பக்கம் பார்த்தார். மகன் போனில் பேசிக்கொண்டிருந்தான். அவர் குரலைத் தாழ்த்தினார், முகம் மாறவில்லை.

"பந்து எத்தனை கிலோ?"

"முன்னாடி அறுபத்தி ரெண்டு. இப்போ முப்பத்தொம்பது."

"தூக்கிக் குடுக்க ஒரு ஆள் வர்றாங்கன்னு உங்க பையன் சொன்னாரே."

"வந்தா. ரெண்டாம் நாளே பந்து அவளைக் கடிச்சு வெச்சிருச்சு. அதோட நின்னுட்டா, பையனுக்குத் தெரியாது."

ஒரு தலையணையை எடுத்துக் கட்டிலில் உட்காரவைத்தார். கையை நீட்டித் தூக்காமல், பந்தை முதலில் நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். இடுப்பைத் திருகாமல் பாதத்தோடு திரும்ப வேண்டும். நாற்காலியைக் கட்டிலுக்கு ஒட்டிப் போட வேண்டும். நான் எட்டு முறை தலையணையைத் தூக்கி நாற்காலியில் வைத்தேன். எட்டாவது தடவை வலி கொஞ்சம் குறைவாக இருந்தது.

"இன்னொண்ணு சார். பந்தைக் கழுத்தைக் கட்டிக்க விடாதீங்க. நரம்பு இழுத்துக்கும்."

"அது ஒண்ணைத்தாம்மா பந்து இன்னும் மறக்காம வெச்சிருக்கு."

அம்மாள் மேஜைக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டே சீட்டு எழுதினார். எழுதி முடிக்க வேண்டிய நேரத்தைவிட அதிக நேரம் நின்றார்.

'இடுப்பு தேறிவிடும். பயிற்சியோடு தினமும் இருவேளை ஆடலாம். ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும்.'

மகன் அதை இரண்டு முறை படித்தான். "ரெண்டு வேளையா? இந்த வயசுல உங்க ஆட்டம் கொஞ்சம் ஓவர்ப்பா" என்று என் தோளில் தட்டினான். ஹோம் பேச்சை எடுக்கவில்லை.

சீட்டு ஆறு வாரத்துக்குச் செல்லும். ஆட்டம் பத்தொன்பதாம் நாள் காலையில் முடிந்துவிட்டது.

இப்போது இடுப்பில் வலியே இல்லை.

நான் வீட்டில் தனியாக அடைந்து கிடக்கிறேனே என்று போன மாதம் மகன் ஒரு புது மட்டை வாங்கி வந்தான். கூடத்தில், கட்டிலை ஒட்டிப் போட்டிருந்த அந்த நாற்காலியின் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன்.

கோல்ஃப் மைதானத்துக்குள் நான் இதுவரை கால் வைத்ததில்லை.