காலண்டர்ப் பெண்

முப்பது வருடங்களுக்கு முன்பு ஒரு ஜவுளிக்கடை போட்ட முதல் காலண்டரில், ஒரு பெண் இடுப்பில் கைவைத்துத் திரும்பிப் பார்ப்பாள். 1984ஆம் வருடக் காலண்டருக்கும் அதே மாதிரிப் படம், அதே பழைய ஸ்டாண்டு கேமராவில் வேண்டும் என்று கடை முதலாளி சொல்லிவிட்டார். இன்றைக்குள் சரியாக வராவிட்டால் ஆர்டர் வேறு ஸ்டூடியோவுக்குப் போய்விடும்.

சிம்மக்கல் ஸ்டூடியோக்காரர் முஜிபுர் ரஹ்மானுக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. அதே லென்ஸ், அதே கரை போட்ட சேலை, அதே ஜன்னல் வெளிச்சம். படம் மட்டும் அதுவாக இல்லை.

"இன்னும் எம்புட்டுண்ணே வளையிறது?" என்றாள் படத்துக்கு நிற்க வந்த அன்னக்கொடி. "இடுப்பு ஒடிஞ்சிரும் போல."

"உன் மேல தப்பில்ல தங்கச்சி. அந்தப் பொம்பள எப்படித்தான் நின்னாளோ! யாருன்னு தெரிஞ்சா வீடு தேடிப் போயிக் கேட்டுருவேன்."

சேலை கொண்டுவந்த கடைச் சிப்பந்தி சின்னச்சாமி தொண்டையைச் செருமினார். வயது அறுபது.

"பாரத்தை வலது கால்ல போடச் சொல்லுங்க தம்பி. இடுப்பு தானா வளையும்."

"அண்ணே, அவங்க நின்னப்ப நீங்க பாத்தீங்களா?" என்றார் முஜிபுர்.

சின்னச்சாமி துண்டை முந்தானையாகப் போட்டுக்கொண்டு நின்று காட்டினார். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்ட முஜிபுர், கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்த உருவத்தைப் பார்த்தார். வழுக்கையைத் தவிர அப்படியே காலண்டர்!

"நாடகத்துல நான் ஸ்த்ரீபார்ட்டு, பொம்பள வேஷம் கட்டுவேன். அந்தக் காலத்துல நம்மூர்ல எந்தப் பொம்பள தம்பி கேமராப் பொட்டி முன்னாடி வந்து நின்னா? பெரிய முதலாளி என்னையத்தான் நிப்பாட்டுனாரு."

அன்னக்கொடி அவரைப் பார்த்தபடியே காலை மாற்றி வைத்து நின்றாள். அடுத்த படம் அச்சு அசலாக வந்துவிட்டது.

"வெளிய சொல்லிறாதீங்க தம்பி," என்றார் சின்னச்சாமி. "அந்தக் காலண்டரை ஏன் டிரங்குப் பொட்டியில வச்சிருக்கே, அவ யாருன்னு எம் பொண்டாட்டி இன்னைக்கு வரைக்கும் சண்டை போடுறா."