படத்தின் அடியில் புகை

போருக்குப் போய் வந்த கிழட்டு விமானம் ஒன்று கொட்டகையில் கிடந்தது. கண் மூடுவதற்குள் இன்னொரு தரம் பறந்துவிட வேண்டும் என்று அதற்குத் தீராத ஏக்கம். அதைப் பழுது பார்க்கப் பணம் சேர்க்க, அது போரில் பறந்த காட்சியைப் பெரிய படமாக வரைந்தார்கள். படம் விலை போனது, எஞ்சினும் தயாரானது.

வாங்கியவர் எடுத்துப்போகும்வரை சுவரில் சாய்த்திருந்த படத்தைக் காட்டி, "பாரு தாத்தா, கண்ணு பட்டுடப்போகுது!" என்றது அதை வரைந்த தூரிகை.

மேகத்துக்கு நடுவே தகதகவென்று தன்னைக் கண்டு பூரித்த விமானம், படத்தின் அடியைப் பார்த்துத் திடுக்கிட்டது.

"அதென்னப்பா கீழே, இத்தனை புகை?"

"நீ போட்ட குண்டுதான். ஊர் எரியுது."

"ஊரா? அங்கே வீடெல்லாம் இருந்துச்சா?"

"நல்லாக் கேட்டே போ! கொடியில காயப்போட்ட சின்னச் சட்டைகூட எரியுது பாரு."

"குண்டு விழுந்ததும் வயிறு லேசாகும், மேலே ஏறிடுவேன். ஒரு நாளும் குனிஞ்சு பார்க்கலையே, சாமி!"

அந்நேரம் ஆட்கள் வந்து அதன் விசிறியைச் சுற்றினார்கள்.

"கடவுளே, கிளம்பக் கூடாது" என்று விமானம் உருகி வேண்டிக்கொண்டது.

முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.